மாரிக்கு முன்னம் கோழிக்கூடு: குளிருக்கு அடைக்கிறதோ, ஈரத்துக்குத் திறக்கிறதோ?

தென்மராட்சித் தோட்டம் · ஓகஸ்ட் 18
ரொறன்ரோவிலை இருக்கிற சொந்தக்காரர் அங்கத்தைய இலையுதிர்காலக் கோழிக்கூட்டு ஆயத்தம் எண்டு காணொளிகள் அனுப்புகினம். சுவருக்குள்ளை பஞ்சுத் தகடு, வெப்ப விளக்கு, பொழுதுபட்டாப்போலை லைட். எங்களுக்கும் ஐப்பசி வந்தால் மாரி. இஞ்சை 14 ஊர்ப்பேடு, 2 சாவல், 10 லேயர் (முட்டைக்கெண்டு வளர்க்கிற கோழி). கூடு 8 அடிக்கு 6 அடி, தகரக் கூரை, மண் நிலம். நாலு பக்கமும் படங்கு கட்டி அடைச்சால் காணுமோ?

செம்மண் வளவு · ஓகஸ்ட் 18, இரவு
அடைக்காதேங்கோ தம்பி. மாரியிலை கோழி சாகிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரொறன்ரோவிலை தை மாதம் தண்ணி உறையும். யாழ்ப்பாணத்திலை அதே தையிலை விடியப்புறம் 22 பாகை அளவிலை நிக்கும். கோழியின்ரை உடம்புச் சூடு 41 பாகை, அதுக்கு மேலை இறகு. வளர்ந்த கோழிக்கு எங்கடை குளிர் ஒண்டும் செய்யாது. நனைஞ்ச கோழிக்குத்தான் குளிர். இறகுக்கு இடையிலை நிக்கிற காத்துத்தான் சூட்டைப் பிடிச்சு வைக்குது. நனைஞ்சால் அந்தக் காத்துப் போயிடும்.

ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லீற்றர் அளவிலை தண்ணி குடிக்கும். 26 கோழிக்கு ஆறு லீற்றருக்கு மேலை. முட்டைக்குப் போனது போக மிச்சம் எச்சமாயும் மூச்சாயும் வெளியிலை வருது. நாலு பக்கமும் படங்கு கட்டினால் இரவு வாற ஈரம் தகரத்திலை முட்டி, விடியப்புறம் துளித்துளியாய்க் கோழியின்ரை முதுகிலை விழும். உமியும் எச்சமும் நனைஞ்சு அமோனியா கிளம்பும். அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும், அதுக்குப் பிறகுதான் மூக்கடைப்பும் சளியும் உள்ளை வருது. நிண்டபடி மணந்து பார்த்தால் தெரியாது. விடிய, கதவு திறக்க முன்னம், குந்தி இருந்து கோழியின்ரை தலை உயரத்திலை மணந்து பாருங்கோ. கண் எரிஞ்சால் கூடு மூடிக் கிடக்கு எண்டு அர்த்தம்.

கீழை இரண்டு அடி வரைக்கும் பலகையோ தகரமோ போட்டு அடையுங்கோ. அதுக்கு மேலை முழுக்கக் கம்பி வலை. கூரைக்குக் கீழை கடைசி ஒரு அடி எந்த நாளும் திறந்தபடி. கூரையின்ரை வெளி ஓரமான இறப்பு இரண்டு அடி வெளியிலை நீட்டி நிக்க வேணும். தகரத்துக்கு உள்பக்கம் கிடுகு ஒரு வரிசை கட்டினால் துளி விழாது, வெயிலுக்கும் சூடு இறங்காது. மழை வடகிழக்கிலை இருந்து வாடையோடை வாறபடியால் அந்தப் பக்கத்தை மட்டும் மேலை வரைக்கும் மறைச்சால் போதும்.

கடற்கரைப் பனை · ஓகஸ்ட் 19
கடைசி வரியிலை ஒரு திருத்தம். ஐப்பசியிலை வாடை இன்னும் பிடிக்காது. அப்ப பெய்யிறது பின்னேர இடிமழை, அது எந்தப் பக்கத்தாலையும் அடிக்கும். வடகிழக்கை மட்டும் மறைச்சவை தெற்காலை நனைவினம். நாலு பக்கமும் சுருட்டி ஏத்திற படங்கு கட்டுங்கோ, அடிக்கிற பக்கத்தை மட்டும் இறக்குங்கோ. படங்கின்ரை கீழ் ஓரத்திலை பாரமான தடி ஒண்டு சுத்தித் தைக்க வேணும், இல்லாட்டி காத்துக்குப் படபடத்து இரவு முழுக்கக் கோழி வெருளும். பெரிய படங்கு இல்லாட்டி உரப்பையைப் பிரிச்சு மூண்டு மூண்டாய்த் தைக்கலாம்.

செம்மண் வளவு · ஓகஸ்ட் 19
சரி, அதுதான் முறை. முதல் எழுதினது கார்த்திகை பிறந்தாப் பிறகுதான் பொருந்தும்.

அளவுகளையும் பார்த்திடுவம். 48 சதுர அடிக்கு 26 கோழி எண்டால் ஒண்டுக்கு இரண்டு அடிக்கும் குறைவு. பகலிலை வளவிலை திரியிற கோழிக்கு இரவு படுக்க அது காணும். ஆனால் மூண்டு நாள் அடைமழை பெய்து உள்ளேயே நிண்டால் காணாது, ஒண்டை ஒண்டு கொத்தும். தெற்குப் பக்கமாய் இன்னொரு 8க்கு 6 பத்தி இறக்குங்கோ. கூரையும் வலையும் காணும், சுவர் வேண்டாம். அடைமழை நாளிலை தீனும் தண்ணியும் அந்தப் பத்தியிலை வைச்சால் கூட்டுக்குள்ளை தண்ணி சிந்தாது.

படுக்கிற தடி ஒரு கோழிக்கு எட்டு அங்குலம். 26 கோழிக்கு 208 அங்குலம், எண்டால் ஆறு அடித் தடி மூண்டு. பூவரசந் தடி நல்லது, இரண்டு அங்குல மொத்தம். பட்டையை உரிச்சுப் போட்டுத்தான் கட்ட வேணும். பட்டைக்குக் கீழைதான் உண்ணி ஒளிக்கும். மூண்டையும் ஒரே உயரத்திலை, ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கோ. படி மாதிரிக் கட்டினால் எல்லாம் மேல் தடிக்குத்தான் சண்டை பிடிக்கும். முட்டைப் பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, நாலைஞ்சு பேட்டுக்கு ஒண்டு, உங்களுக்கு அஞ்சு.

பனைமட்டையாலை சுவர் அடிக்கிறவை கருக்கை ரெண்டு பக்கமும் சீவிப்போட்டு அடியுங்கோ. சீவாத மட்டையிலை உரசிக் கால் வெட்டினால் ஈர நிலத்திலை அந்தக் காயம் ஆறாது. அடிப்பாதம் வீங்கிச் சீழ் பிடிக்கும்.

செம்மண் வளவு · ஓகஸ்ட் 20
நிலத்தை விட்டிட்டன். மண் நிலம், அதுவும் செம்மண், மாரியிலை களியாய்ப் போகும். இப்ப காய்ஞ்சு கிடக்கேக்கை செய்ய வேணும். பழைய மண்ணை மூண்டு அங்குலம் வழிச்சு எடுத்துப்போட்டு சுண்ணக்கல் சல்லி மூண்டு அங்குலம், அதுக்கு மேலை மணல் நாலு அங்குலம் போட்டு இடியுங்கோ. நிலம் வெளி நிலத்தை விட நாலு அங்குலம் உயரும். அதுக்கு மேலை உமி நாலு அங்குலம். 48 சதுர அடிக்கு 16 கன அடி உமி வேணும், நெல்லுச் சாக்கிலை நாலு சாக்கு. இன்னும் ரெண்டு சாக்கு வாங்கி ஈரம் படாத இடத்திலை வையுங்கோ. கார்த்திகையிலை மில்லிலை கிடக்கிற உமியும் நனைஞ்சுதான் கிடக்கும்.

கூட்டைச் சுத்தி ஆறு அங்குல ஆழத்திலை வாய்க்கால். வாட்டம் கிணத்துப் பக்கம் போகக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு விரிவாய் எழுதுறன்.

குஞ்சுப்பெட்டி · ஓகஸ்ட் 20
உமிக்கு மேல் கிழமைக்கு ஒருக்கால் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். ஈரத்தை இழுக்கும், கிருமியும் சாகும். 10 சதுர அடிக்கு ஒரு சிரட்டை.

செம்மண் வளவு · ஓகஸ்ட் 21
அக்கா, இதிலை கவனம் வேணும். எச்சம் கலந்து நனைஞ்ச உமியிலை சுண்ணாம்பு போட்டால் அமோனியா குறையாது, கூடும். சுண்ணாம்பு காரம். காரம் ஏறினால் எச்சத்துக்குள்ளை அடங்கிக் கிடக்கிற அமோனியா வாயுவாய்க் கிளம்பும். போட்ட அண்டைக்கு இரவு மணந்து பார்த்தால் விளங்கும்.

சுண்ணாம்புக்கு உரிய நேரம் கூடு வெறுமையாய் இருக்கேக்கை. பழைய உமியை முழுக்க அள்ளி, நிலத்திலை நீறின சுண்ணாம்பை நீங்கள் சொன்ன அளவிலை தூவி, ரெண்டு மூண்டு நாள் காயவிட்டுப் பிறகு புது உமி. நீறாத சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கால் வெந்துபோகும்.

மாரிக்குள்ளை செய்ய வேண்டியது கிளறுறது. கிழமைக்கு ரெண்டு தரம், மழை நாளிலை ஒவ்வொரு நாளும், தோட்டத்து முள்ளுக் கரண்டியாலை அடி வரைக்கும் புரட்டுங்கோ. ஒரு கைப்பிடி உமியை எடுத்துப் பொத்திப் பிடிச்சுப்போட்டு விரியுங்கோ. உருண்டையாய் நிண்டால் ஈரம் கூட, அந்த இடத்தை அள்ளி எறிஞ்சு புதுசு போட வேணும். மெல்ல உதிர்ந்தால் சரி. ஒட்டாமல் தூசியாய்ப் பறந்தால் அதுவும் கூடாது.

குஞ்சுப்பெட்டி · ஓகஸ்ட் 21
ஏற்கிறேன். ஈர உமியில் சுண்ணாம்பு வேண்டாம். நான் எழுதியது காய்ந்த உமிக்கு மட்டும் என்று கூடச் சொல்ல வரவில்லை. வெறும் நிலத்துக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவசரமான விசயம் அடை. நல்லூர்க் கந்தசாமி கோவில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளும் பல வீடுகளில் முட்டை சமைக்கமாட்டார்கள், முட்டை சேரும். சேர்ந்த முட்டையை அடை வைக்க நினைப்பவர்கள் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆவணி முதல் கிழமை வைத்தால் 21 நாளில், செப்டெம்பர் 8 அல்லது 10 அளவில் பொரிக்கும். ஐப்பசி தொடங்க ஐந்து கிழமை தாண்டிய குஞ்சு, இறகு முளைத்திருக்கும். புரட்டாசியில் வைத்தால் ஒக்டோபரில் பொரித்து, பெருமழைக்குள் மூன்று நாலு கிழமைக் குஞ்சாக நிற்கும். இரத்தக் கழிச்சல் பிடிக்கும் வயது அதுதான். இந்தக் கிழமை தாண்டினால் தை வரை பொறுங்கள்.

முட்டை ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பத்து நாளானால் பொரிப்பு குறையும். மொத்த முனை மேலே இருக்க வைத்துச் சேருங்கள். கழுவ வேண்டாம். ஊர்ப்பேட்டுக்கு 11, பெரிய பேடு என்றால் 13. ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். எத்தனை முட்டையைத் தன் உடம்பால் முழுக்க மூட முடியும் என்பதே உண்மையான கணக்கு. ஏழாம் நாள் இரவில் டோர்ச் பிடித்துப் பார்த்து நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள்.

தென்மராட்சித் தோட்டம் · ஓகஸ்ட் 22
ரெண்டு பேடு அடை கிடக்கு, இண்டைக்கே வைக்கிறன். குஞ்சு பொரிச்சாப் பிறகு லைட் போடவோ? வீட்டிலை எல்லாம் எல்ஈடி பல்ப் தான்.

குஞ்சுப்பெட்டி · ஓகஸ்ட் 22
தாய் இருந்தால் விளக்கு வேண்டாம். கரப்புக்குள் தாயையும் குஞ்சையும் வைத்து, கீழே சாக்கும் உமியும் போட்டு, முதல் இரண்டு கிழமை ஈர நிலத்தில் இறங்க விடாதீர்கள்.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் கிழமை 33 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வர வேண்டும். எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. அதை நம்பி விட்டால் குஞ்சு ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். பழைய இழை பல்ப் 60 வாட் ஒன்று 25 குஞ்சுக்குப் போதும். உயரத்தைக் குஞ்சே சொல்லும்: விளக்கடியில் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி. கறண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி வையுங்கள். அரிக்கன் லாம்பு வேண்டாம். உமியில் தீப் பிடிக்கும், மூடிய பெட்டிக்குள் புகையும் நஞ்சு.

செம்மண் வளவு · ஓகஸ்ட் 23
பின்னேர லைட் பற்றியும் கேட்டிருந்தீங்கள். ரொறன்ரோவிலை மார்கழிப் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட, ஆனியிலை பதினைஞ்சுக்கு மேலை. அந்த இறக்கம்தான் அங்கை கோழியை முட்டையை நிப்பாட்டி இறகு கொட்ட வைக்குது. யாழ்ப்பாணத்திலை மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகின பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். ஊர்ப்பேட்டுக்கு லைட் தேவையில்லை. அது முட்டை விடாமல் நிக்கிறது அடைக்கும் இறகு கொட்டுறதுக்கும். இறகு கொட்டினால் வருத்தம் எண்டு மருந்து தேடாதேங்கோ. ரெண்டு மூண்டு மாதம் எடுக்கும். இறகு புரதத்தாலை ஆனது, அதாலை கூனி, கருவாட்டுத் தூள் கொஞ்சம் கூட்டிக் குடுங்கோ. உப்புக் கருவாடு எண்டால் ஊறவைச்சு உப்பை எடுத்துப்போட்டு.

லேயருக்கு 14 மணித்தியாலம் வெளிச்சம் வேணும் எண்டால் விடியப்புறம் எரியுங்கோ, பின்னேரம் வேண்டாம். பின்னேரம் எரிச்சுத் திடீரெண்டு நிப்பாட்டினால் கோழி நிலத்திலை நிக்கேக்கை இருட்டும், தடிக்கு ஏறத் தெரியாமல் ஈரத்திலை படுக்கும். இதுக்கு எல்ஈடி நல்லாய்க் காணும்.

கடற்கரைப் பனை · ஓகஸ்ட் 27
தீன் கணக்கு ஒருத்தரும் போடேல்லை. லேயர் ஒண்டுக்கு 110 கிராம், பத்துக்கு 1.1 கிலோ. ஊர்க்கோழி 16க்கும் மேயிற நாளிலை 50 கிராம் வீதம் 800 கிராம், அடைமழை நாளிலை 85 வீதம் 1.4 கிலோ. மழை நாளுக்கு இரண்டரைக் கிலோ, எண்டால் 25 கிலோப் பை பத்து நாள். மாரியிலை அதுக்கு மேலை வாங்கிச் சேர்க்காதேங்கோ, பூஞ்சணம் பிடிக்கும்.

செம்மண் வளவு · ஓகஸ்ட் 27
பத்து நாளுக்கு மட்டும் வைச்சிருக்கிறது புயல் வந்தால் காணாது. 2008 நவம்பர் நிஷா, 2020 டிசம்பர் புரெவி, ரெண்டுக்கும் குடாநாடு வெள்ளத்திலை நிண்டது. பிரிக்காத பை ஒண்டு எப்பவும் கையிலை இருக்க வேணும். மூடியுள்ள பிளாஸ்டிக் பரல், கீழை கல்லு வைச்சு, சுவரிலை முட்டாமல். முதல் வாங்கினதை முதல் குடுக்க வேணும்.

பூஞ்சணம் பிடிச்ச தீனையோ தேங்காய்ப் புண்ணாக்கையோ வெயிலிலை காயவைச்சுக் குடுக்கிற பழக்கம் இருக்கு. தயவுசெய்து விடுங்கோ. பச்சைப் படை போகும், அது விட்ட அஃப்லாடொக்சின் நஞ்சு வெயிலுக்கும் வேகிறதுக்கும் அழியாது. ஈரல் கெடும், முட்டை குறையும், தடுப்பூசியும் வடிவாய்ப் பிடிக்காது.

சிப்பித்தூளைத் தீனோடை கலக்காமல் தனிச் சிரட்டையிலை வையுங்கோ. முட்டை விடுற பேடு தனக்குத் தேவையானதைத் தானே எடுக்கும். குஞ்சுக்கும் சாவலுக்கும் கூடின சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

செம்மண் வளவு · செப்டெம்பர் 3
தடுப்பூசி. மழைக்கு மூண்டு கிழமை முன்னம் முடிய வேணும், எண்டால் இந்த மாதம். கால்நடை வைத்திய அலுவலகத்திலை கேளுங்கோ; குப்பி ஒண்டு நூறு, இருநூறு கோழிக்குக் காணும் எண்டபடியால் அயலோடை சேர்ந்து ஒரே நாளிலை போடுறது தான் சரி.

ராணிக்கெட் எண்ட வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான். பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு சாகிறது கண்டால் அது வந்திட்டுது. தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியோடை கொண்டு வந்து 2 முதல் 8 பாகைக்குள்ளை வைச்சு, கரைச்சால் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை முடிக்க வேணும். குடிதண்ணியிலை குடுக்கிறதெண்டால் குளோரின் போட்ட கிணத்துத் தண்ணி உயிர்த் தடுப்பு மருந்தைக் கொண்டுபோடும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுறவை, அதையும் மனசிலை வையுங்கோ. கொழுப்பு நீக்கின பால்மா லீற்றருக்கு இரண்டரைக் கிராம் கரைச்சுப்போட்டு மருந்தைக் கலக்கலாம். கண்துளி இதை விட நம்பிக்கை.

கோழி அம்மை நுளம்பாலை பரவும், மழை விட்டு நுளம்பு பெருகினாப் பிறகு வரும். செட்டைத் தோலிலை குத்திற ஊசி. குத்தி ஏழு முதல் பத்து நாளிலை அந்த இடத்திலை சின்னப் பொருக்கு வர வேணும். வராட்டி பிடிக்கேல்லை, திரும்பப் போட வேணும். இதைப் பார்க்கிறவை குறைவு. அம்மை வந்த கோழிக்கு மஞ்சளும் வேப்பிலையும் பூசிறவை இருக்கினம். வைரசை அது கொல்லாது. பொருக்கை உரிக்காதேங்கோ. உதிர்ந்த பொருக்கிலை வைரஸ் மாதக்கணக்காய் உயிரோடை இருக்கும், கூட்டி எரியுங்கோ.

குஞ்சுப்பெட்டி · செப்டெம்பர் 4
இரத்தக் கழிச்சலையும் சேர்க்கிறேன். எச்சத்தோடு விழும் அந்த ஒட்டுண்ணி முட்டைக்குச் சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளில் தொற்றத் தயாராகும். சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது, ஈரமில்லாமல் காய்ந்துபோனால் சாகும். காய்ந்த உமிதான் முதல் மருந்து. அதற்கான அம்ப்ரோலியம் என்ற மருந்தை வைத்தியர் சொன்ன அளவில் தண்ணீரில் கொடுக்கும்போது விற்றமின் பி1 சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒன்றை ஒன்று முறிக்கும்.

செம்மண் வளவு · செப்டெம்பர் 11
கிணத்து விசயம். குடாநாட்டிலை வழுக்கையாறு மாரியிலை மட்டும் ஓடும். எங்கடை கிணறுகளிலை வாறது சுண்ணக்கல்லுக்குள்ளை தேங்கின மழைத்தண்ணி. கல்லிலை வெடிப்பும் குழியும் நிறைய, மேலை ஊத்தினது வடிபடாமல் கீழை போகும். வலிகாமத்துக் கிணறுகளிலை ஏற்கெனவே நைத்திரேற்று கூட. எச்சக் குவியல் கிணத்திலை இருந்து 100 அடிக்கு அங்காலை, தண்ணி வாட்டத்துக்குக் கீழ்ப்பக்கத்திலை, மேலை ஓலை மூடி இருக்க வேணும். செத்த கோழியை ஆழமாய்ப் புதைக்கிறதெண்டு எல்லா இடத்திலையும் சொல்லுவினம். மார்கழியிலை கிணத்துத் தண்ணி சில அடியிலை நிக்கேக்கை அந்தக் குழி தண்ணிக்குள்ளைதான் இருக்கும். அந்த நேரம் விறகும் காய்ஞ்ச மட்டையும் போட்டு முழுக்க எரியுங்கோ.

குவியல் ரெண்டு மூண்டு மாதம் மக்கினால் வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் தங்கம். பச்சையாய்ப் போட்டால் வேர் எரியும்.

கடற்கரைப் பனை · செப்டெம்பர் 12
குவியலைக் கிளறேக்கை கோழியை விடுங்கோ. காண்டாமிருக வண்டின்ரை வெள்ளைப் புழு உள்ளைதான் வளரும். கோழி தின்னிற ஒவ்வொரு புழுவும் ஒரு தென்னங்குருத்து.

பனம்பழம் விழுகுது. களி எடுத்த தும்புக் குவியலிலை வாற புழுவையும் தின்னட்டும். செத்த பிராணியிலை வந்த புழுவை மட்டும் தின்ன விடாதேங்கோ, கழுத்துத் தொங்கிச் சாகும். பனம்பாத்தி போட்டால் மேலை கருக்குமட்டை பரப்புங்கோ. இல்லாட்டி ஒரு பின்னேரத்திலை கிளறி, தையிலை கிழங்கு இல்லை. கிளுவங் கதியாலும் முதல் மழையோடை நட வேணும். வேலியிலை பொட்டு இருந்தால் உங்கடை கோழி அயலட்டைக் கீரைப்பாத்தியிலை.

செம்மண் வளவு · செப்டெம்பர் 20
வேலிப் பொட்டாலை கோழி போறது மட்டுமில்லை, கீரியும் வரும். மழை தொடங்கினால் எலி காய்ஞ்ச இடம் தேடிக் கூட்டுக்கு வரும், எலிக்குப் பின்னாலை பாம்பு. ஆறுகோண வலை கோழியை உள்ளை வைச்சிருக்கும், மற்றதுகளை வெளியிலை வைச்சிருக்காது. நாய் கிழிக்கும், சின்னப் பாம்பு நுழையும். கீழ் மூண்டு அடிக்கு அரை அங்குலச் சதுர வலை போடுங்கோ. வலையை ஒரு அடி நிலத்துக்குள்ளை புதைக்க வேணும். கல் நிலத்திலை கிண்ட ஏலாட்டி வெளிப்பக்கமாய் ஒண்டரை அடி நிலத்திலை விரிச்சு மேலை கல்லு அடுக்குங்கோ. தோண்டிற பிராணி சுவரடியிலைதான் தோண்டும், வலை தட்டுப்பட்டால் விட்டிடும். மரநாய்க்கு மேலாலை வழி வைக்காதேங்கோ: கூரையோடை முட்டுற மாங்கொப்பை வெட்டுங்கோ, கூரைக்குக் கீழை திறந்து விட்ட ஒரு அடிக்கும் இதே வலை. கதவுக்குக் கொளுவி மட்டும் காணாது, தள்ளுற தாழ்ப்பாள்.

தென்மராட்சித் தோட்டம் · ஒக்டோபர் 17
முதல் மழை. உள்ளை காய்ஞ்சு கிடக்கு, மணமும் இல்லை. வடகிழக்கு மூலையிலை மட்டும் ஒரு பாய் அளவுக்கு உமி நனைஞ்சிருக்கு. படங்கு இறக்கித்தான் இருந்தது.

செம்மண் வளவு · ஒக்டோபர் 17
அந்த மூலையிலை கூரைத் தண்ணி எங்கை விழுகுது எண்டு பாருங்கோ. கூரை இறப்பின்ரை நீளம் குறைவெண்டால் நிலத்திலை விழுந்து தெறிக்கிற தண்ணி படங்குக்குக் கீழாலை உள்ளை போகும். விழுற இடத்திலை சல்லி ஒரு வரிசை பரப்புங்கோ, தெறிக்காது. இறப்பிலை ஒரு கிடுகு நீட்டிக் கட்டுங்கோ. நனைஞ்ச பாயளவு உமியை மட்டும் அள்ளி, எடுத்து வைச்ச சாக்கிலை இருந்து புதுசு போடுங்கோ. மிச்ச உமியை மாத்த வேண்டாம்.